என் காலில் பெட்டி விழவில்லை

மகன்,

சுகம் விசாரித்துத் தொடங்க இன்று எனக்கு முகமில்லை. முதலில் இந்தப் பந்தியை மட்டும் வாசி. மிச்சத்தை அழித்துவிட்டாலும் பரவாயில்லை. ஞாயிற்றுக்கிழமை அந்த டொக்டரிடம் போகும்போது, "என் அப்பாவுக்குக் கவுட் என்ற மூட்டு வருத்தம் இருக்கிறது, இருபத்திரண்டு வருடமாக இருக்கிறது, நான் போன முறை சொன்னது பிழை" என்று சொல். இந்தக் கடிதத்தோடு என் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டுகள் எல்லாவற்றையும் படம் பிடித்து உன் போனுக்கு அனுப்புகிறேன். அவற்றையும் அவருக்குக் காட்டு. போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். உன் குரலைக் கேட்டால் பாதியில் கதையை மாற்றிவிடுவேன் என்று எனக்கே என்னைப் பற்றிப் பயம். அதனால்தான் எழுதுகிறேன்.

நேற்றுக் காலை பூசை முடிந்து வந்து, பாணும் பருப்பும் சாப்பிட உட்கார்ந்த நேரம் உன் வொய்ஸ் மெசேஜ் வந்தது. அம்மா போனை மேசையில் வைத்துச் சத்தமாகப் போட்டாள். "பயப்படாதீங்க, கம்பனி மெடிக்கல்ல கிரியாட்டினின் கூடவாம். கிட்னி பாதியளவுதான் வேலை செய்யுதாம். ஒன்றரை வருசமா நான் போட்ட வலிக்குளிசையாலயும் இருக்கலாமாம், பரம்பரையா வாற ஏதும் கிட்னி வருத்தமாயும் இருக்கலாமாம். யூரிக் அசிட்டும் கூடியிருக்கு. குடும்பத்தில ஆருக்கும் கவுட் இருக்கா எண்டு டொக்டர் ரெண்டு தரம் கேட்டார். இல்லை எண்டு சொன்னனான். அப்பாட கால் ஹார்பர்ல பெட்டி விழுந்து நசிஞ்சதெண்டும் சொன்னனான். அவர் அதையும் எழுதினவர். ஞாயிற்றுக்கிழமை கிட்னியில ஊசி விட்டுத் துண்டெடுத்துப் பாக்கிறதைப் பற்றிக் கதைப்பமாம்."

அவர் அதையும் எழுதினவர். மகன், அந்த மூன்று சொல்லையும் அம்மாவிடம் சொல்லி இன்னொரு தரம் போடவைத்துக் கேட்டேன். கொட்டாஞ்சேனையில் ஒரு சின்ன ஒழுங்கைக்குள் நான் அவிழ்த்துவிட்ட பொய், டோஹாவில் ஓர் ஆஸ்பத்திரிக் கோப்பில் உன் பெயருக்குக் கீழே ஏறி உட்கார்ந்திருக்கிறது. முப்பத்தொரு வயதில் உன் கிட்னி ஏன் இப்படி ஆனது என்று படித்த மனிதர்கள் மண்டையைப் போட்டு உடைக்கிறார்கள். அவர்களுக்குத் தேவையான பதில் என் பழுப்பு நிறக் காலுறைக்குள் இருக்கிறது.

என் காலில் எந்தப் பெட்டியும் விழவில்லை. துறைமுகத்தில் இருபத்தெட்டு வருடம் கப்பலிலிருந்து இறங்கும் சாமான்களுக்குக் கணக்கு எழுதினேன். அவ்வளவு காலத்திலும் என் காலில் விழுந்த மிகப் பாரமான சாமான் ஒரு பேனாதான்.

இதை அம்மாவிடம் அந்த மேசையிலேயே சொன்னேன். முதலில் அவளுக்கு விளங்கவில்லை. பிறகு விளங்கியது. "முப்பது வருசத்துக்கு மேல உங்களோட குடும்பம் நடத்துறன். அந்தக் காலுக்கு எத்தினை இரவு ஒத்தடம் குடுத்தனான்? எனக்குமா பொய்?" என்று கேட்டாள். உனக்கும்தான் என்றேன். "அப்ப, ஆறு வருசமா தினமும் போடுறீங்களே பிரஷர் குளிசை, அது?" அது பிரஷருக்கு இல்லை, யூரிக் அசிட்டைக் குறைக்கிற குளிசை என்றேன். எழும்பிப் போய் அலமாரியில் இருந்த போத்தலைக் கொண்டுவந்து என் பாண் பீங்கானுக்குள்ளேயே வைத்தாள். "உங்கட கால் ஆறு வருசமா வீங்கேல்ல. இது வீட்டில இருக்கேக்க என்ர பிள்ளை அங்க என்னத்தை விழுங்கிக்கொண்டு இருந்தவன்?" உன் அம்மா சத்தம் போட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் சத்தமே போடவில்லை. நேற்றிலிருந்து இந்த வீட்டில் றேடியோ மட்டும்தான் கதைக்கிறது.

ஏன் பொய் சொன்னேன் என்று நீ கேட்பாய். குடித்து வந்த வருத்தத்தை மறைத்தேன் என்று நினைத்துவிடாதே. ஒரு துளி நான் குடித்ததில்லை. அதுதான் இதில் வெட்கக்கேடு. உனக்கு நினைவிருக்கும், நம் கோயில் பங்கில் மதுவிலக்குச் சபைக்கு நான் செயலாளர். தவக்காலம் தொடங்க முன் வீடு வீடாகப் போய்க் குடியை விடுவதாகக் கையெழுத்து வாங்குவோம். வருடக் கடைசியில், சொன்ன சொல்லைக் காப்பாற்றியவர்களுக்குச் சபை மண்டபத்தில் ஒரு சாப்பாடு. யார் அந்தச் சாப்பாட்டுக்கு வரலாம், யார் வரக்கூடாது என்று பட்டியல் போடுகிறவன் நான். அந்தப் பேனா கையில் இருந்ததில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது, மறைக்கவில்லை.

நம் ஒழுங்கையில் கடைசி வீட்டுப் பீற்றர் அண்ணனை உனக்கு ஞாபகம் இருக்கிறதா? கிரேன் ஓட்டியவர், பெரிய குடிகாரர். அவரும் கையெழுத்து வைத்தார், வைத்து உண்மையிலேயே விட்டுவிட்டார். ஆனால் எட்டாம் மாதம் அவர் கால் பெருவிரல் வீங்கி, செருப்புப் போட முடியாமல் ஒற்றைக் காலில் கெந்திக்கொண்டு பூசைக்கு வந்தார். கவுட் குடிகாரனுக்கு வருகிற வருத்தம் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரிந்த விசயம், யார் சொல்லித் தெரிந்தது என்று மட்டும் யாருக்கும் தெரியாது. சபைக் கூட்டத்தில் நான் எழும்பி, "கால் வீங்கியிருக்கெண்டால் ஆள் களவாக் குடிக்கிறார். இதுக்கு வேற சாட்சி வேணுமா?" என்று கேட்டேன். எல்லோரும் தலையாட்டினார்கள். பீற்றர் அண்ணன் எழும்பி, "தம்பி, என்ர பிள்ளையள் மேல சத்தியமா நான் தொடேல்ல" என்றார். நான் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே பெயரை வெட்டினேன். அந்த வருடச் சாப்பாட்டுக்கு அவர் வரவில்லை. அடுத்த மாதமே மறுபடி குடிக்கத் தொடங்கிவிட்டார். குடிக்காமல் இருந்தும் குடிகாரன் என்றால், பிறகு எதற்கு இருக்க வேண்டும்?

இதற்கு மூன்று மாதம் கழித்து, ஒரு விடியற்காலையில் என் வலது பெருவிரல் பற்றி எரிந்தது. போர்வை பட்டால்கூட உயிர் போனது. சிவந்து, மினுங்கி, பீற்றர் அண்ணனின் விரல் எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது. கட்டிலில் இருந்து அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். வலியை விடப் பயம் பெரிதாக இருந்தது. உன் அம்மா என்ன நடந்தது என்று கேட்டபோது வாயில் வந்தது, "நேற்று ஹார்பர்ல ஒரு பெட்டி விழுந்தது, அப்ப தெரியேல்ல" என்பதுதான். பொய் சொல்ல எனக்கு ஒரு நிமிடம்கூடத் தேவைப்படவில்லை என்பதை நினைத்தால் இன்றும் திடுக்கென்கிறது.

ஒரு பொய் சொன்னால் அதற்குத் தீனி போட வேண்டும். வருத்தம் வருடத்துக்கு இரண்டு மூன்று தரம் வந்தது. ஒவ்வொரு முறையும் "பழைய காயம் கிளம்பியிட்டுது" என்றேன். நீ ஐந்தாம் வகுப்பில் 'என் அப்பா' என்று கட்டுரை எழுதினாய். அதில் கப்பல், அறுந்த சங்கிலி, இன்னொரு தொழிலாளியைத் தள்ளிவிட்டுத் தான் அடிபட்ட அப்பா, எல்லாம் இருந்தது. அந்த இன்னொரு தொழிலாளியை உனக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான்தான், ஒருநாள் சாப்பாட்டு மேசையில் வாய் நீண்டுவிட்டது. பம்பலப்பிட்டியில் உன் பள்ளிக்கூடப் பரிசளிப்பில் அதை நீ வாசித்தாய். உன் வகுப்பு டீச்சர் வந்து என் இரண்டு கையையும் பிடித்து, "உங்களைப் போல ஆக்கள் இருக்கிறபடியாத்தான் மழை பெய்யுது" என்றார். நான் பணிவாகச் சிரித்தேன். வெட்கம் கெட்ட சிரிப்பு.

டொக்டரிடம் போகாமல் இருக்கவில்லை. கொட்டாஞ்சேனையில் போனால் பங்கு முழுக்கத் தெரிந்துவிடும் என்று இரண்டு பஸ் மாறி வெள்ளவத்தைக்குப் போனேன். ஒரு பெண் டொக்டர். விரலைப் பார்த்த உடனே சொல்லிவிட்டார். நான் அவசரமாக, "டொக்டர், நான் குடிக்கிறேல்ல, மதுவிலக்குச் சபைச் செயலாளர்" என்றேன். அவர் சிரித்துவிட்டு, "அது உங்கட கிட்னிக்குத் தெரியாதே" என்றார். "தேத்தண்ணிக்குச் சீனி கூடப் போட்டால் கரையாமல் அடியில தங்குதெல்லோ? யூரிக் அசிட்டும் அப்பிடித்தான். உடம்பு தானா உண்டாக்கிற சாமான். கிட்னி அதை வெளியில அனுப்ப வேணும். சில குடும்பங்களில கிட்னி அதைச் சரியா அனுப்பாது. ரத்தத்தில கூடினால் மூட்டுக்குள்ள ஊசி ஊசியாப் படியும். பியர் குடிச்சால் கூடும், ஈரல், இறால், நெத்தலி கூடச் சாப்பிட்டால் கூடும், சீனித் தண்ணி குடிச்சாலும் கூடும். ஆனால் ஒண்டும் தொடாத ஆளுக்கும் வரும். உங்கட அப்பாவுக்கு இருந்ததா?" முகத்துவாரத்தில் வள்ளம் வைத்திருந்த என் அப்பா கடைசிக் காலத்தில் இரண்டு காலும் முண்டு முண்டாக வீங்கிக் கிடந்தார். வாதம் என்று எண்ணெய் பூசினோம். அன்றைக்குத்தான் எனக்கு அது என்னவென்று தெரிந்தது. பீற்றர் அண்ணன் பொய் சொல்லவில்லை என்பதும் அன்றைக்குத்தான் தெரிந்தது. பஸ்ஸில் திரும்பி வரும்போது அவர் வீட்டுக்குப் போக வேண்டும் என்று நினைத்தேன். ஒழுங்கை வாசலில் இறங்கி நேரே என் வீட்டுக்குள் போய்விட்டேன்.

அந்த டொக்டர் தினமும் போடச் சொல்லி ஒரு குளிசை தந்தார். வலி இல்லாத நாளிலும் போட வேண்டும், வாழ்நாள் முழுக்கப் போட வேண்டும், தொடங்கின முதல் மாதங்களில் படிந்தது கரையத் தொடங்குவதால் வலி ஒருமுறை வந்து போகும், அதற்குப் பயந்து நிறுத்தக்கூடாது என்று படித்துப் படித்துச் சொன்னார். நான் மூன்று கிழமை, சரியாக இருபத்தொரு நாள், போட்டேன். அவர் சொன்னபடியே வலி வந்தது. குளிசைதான் வருத்தத்தைக் கொண்டுவந்தது என்று முடிவு கட்டி, வாசலில் ஓடும் சாக்கடைக் கானுக்குள் எறிந்தேன். அதற்குப் பிறகு பதினைந்து வருடம், வலி வந்தால் டிஸ்பென்சரியில் ஓர் ஊசி, கை நிறைய வலிக்குளிசை, வலி போனால் எல்லாவற்றையும் மறந்துவிடுவது.

சில வருடம் கூத்தும் நடந்தது. தவக்காலத்தில் நம் வீட்டில் இறைச்சி இல்லை. அதற்குப் பதில் நாற்பது நாளும் நெத்தலிச் சொதி, இறால் குழம்பு, சாளைப் பொரியல். ஒறுத்தல் செய்கிறேன் என்று, எனக்கு ஆகாததை எல்லாம் தேடித் தேடிச் சாப்பிட்டேன். பெரிய வெள்ளிக்குக் கால் வீங்கும். ஆண்டவர் தம் பாடுகளில் எனக்கும் பங்கு தருகிறார் என்று நொண்டிக்கொண்டே சிலுவைப்பாதைக்குப் போவேன். பிறகு செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடைக் கோயிலுக்குப் போய்ப் புனிதருக்கு நேர்த்தி வைப்பேன். நாலைந்து நாளில் வலி போய்விடும். எதுவும் செய்யாவிட்டாலும் ஒரு கிழமை, இரண்டு கிழமையில் அது தானாக அடங்குகிற வருத்தம் என்று பிறகுதான் அறிந்தேன். புனிதரை நான் குறை சொல்லவில்லை. என் வேலையை அவர் தலையில் கட்டிவிட்டேன், அவ்வளவுதான்.

ஆறு வருடத்துக்கு முன் விரல் மூட்டில் சுண்ணாம்பு போல் வெள்ளையாக முண்டு கிளம்பியது. பயந்து மறுபடி வெள்ளவத்தைக்குப் போனேன். அதே டொக்டர், தலை நரைத்திருந்தது. திட்டினார். மறுபடி அதே குளிசையைச் சின்ன அளவில் தொடங்கி, ரத்தம் பார்த்துப் பார்த்துக் கூட்டினார். முதல் ஆறு மாதம் வலி வராமல் இருக்க இன்னொரு குளிசையும் சேர்த்துத் தந்தார். யூரிக் அசிட் ஆறுக்குக் கீழே இறங்கி, அங்கேயே நின்றது. அதிலிருந்து ஒரு தரம்கூடக் கால் வீங்கவில்லை. இவ்வளவுதான் வைத்தியம், மகன். இதற்காகத்தான் நான் இவ்வளவு வருடம் நொண்டினேன்.

உனக்கு என்ன குளிசை, எவ்வளவு என்று உன் டொக்டர் சொல்லட்டும். உன் கிட்னியைப் பார்த்துத்தான் அவர் அளவு போடுவார், என்னுடையதை அனுப்பச் சொல்லிக் கேட்காதே. ஆனால் தந்தால் நிறுத்தாதே. உடம்பில் தடிப்புப் போட்டால் மட்டும் அந்த நிமிடமே நிறுத்திவிட்டு அவரிடம் ஓடு. வலி வந்தால் உன் மேசை லாச்சியில் இருக்கும் வலிக்குளிசையைத் தொடாதே, கிட்னிக்கு ஆபத்துக் குறைந்த வேறு மருந்து இருக்கிறது, கேட்டு வாங்கு. அந்த வெயிலில் வேலை செய்துவிட்டு வந்து இனிப்புச் சோடாவை மடக்கு மடக்கென்று குடிப்பாயே, அதை விடு. எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம் என்று கேட்டுக் குடி. சாப்பாட்டைக் குறைத்தே சரியாக்கலாம் என்று பட்டினி கிடக்காதே, சாப்பாட்டால் கொஞ்சம்தான் இறங்கும், பட்டினி கிடந்தால் ஏறவும் செய்யும். வலிக்குளிசையால் கெட்ட கிட்னி, அதை விட்டால் திரும்புமா என்று இன்று காலை வெள்ளவத்தை டொக்டரிடம் போய்க் கேட்டு வந்தேன். ஓரளவு என்றுதான் சொன்னார். முழுக்க என்று சொல்லவில்லை. நான் இரண்டு தரம் கேட்டேன்.

இந்தக் கடிதத்தில் பீற்றர் அண்ணனைப் பற்றிய பகுதியைப் பங்கின் மாதப் பத்திரிகைக்கும் கொடுக்கப் போகிறேன். அவர் செத்துப் பன்னிரண்டு வருடம். அவருடைய மகள் ஒவ்வொரு ஞாயிறும் பூசையில் எனக்கு முன் வாங்கில் உட்கார்ந்திருக்கிறாள். தன் அப்பா சத்தியத்தை மீறினவர் என்றுதான் அவளும் நம்புகிறாள். பத்திரிகையில் வர முன் நேரே போய்ச் சொல்ல வேண்டும். செயலாளர் ஐயாவின் மானம் போகட்டும், அதைக் காப்பாற்றி என்ன கண்டேன்?

இவ்வளவு எழுதியும் இன்னும் ஒன்றை எழுதவில்லை. எழுதாமலே கையெழுத்து வைத்துவிடலாமா என்று இப்போதுகூட யோசித்தேன். அந்த வெள்ளவத்தை டொக்டர் ஆறு வருடத்துக்கு முன், "இது குடும்பத்தில ஓடுது. மகனுக்குச் சொல்லிவையுங்க, ஒருக்கா ரத்தம் பாக்கட்டும்" என்றார். சொல்கிறேன் என்று வந்து, சொல்லவில்லை. அதுகூட மறதி என்று நீ மன்னிக்கலாம். ஆனால் ஒன்றரை வருடத்துக்கு முன், ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், நீ வீடியோவில் வந்து காலைத் தூக்கிக் கமராவுக்குக் காட்டினாய். "அப்பா, ஃபுட்போல் விளையாடேக்க மடங்கியிட்டுது போல, விடிய எழும்பினால் இப்பிடி இருக்கு" என்றாய். சிவந்து மினுங்குகிற பெருவிரல். நீ சொல்லி முடிக்க முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. அது என்னுடைய விரல். அம்மா என் தோளுக்குப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். உன் விரலுக்குப் பெயர் சொன்னால் என் விரலுக்கும் பெயர் சொல்ல வேண்டி வரும் என்று ஒரே ஒரு நொடி நினைத்தேன். "அடிபட்டதுதான் மகன், ஐஸ் வை, வலிக்குளிசை போடு, சரியாயிடும்" என்றேன். நீ நம்பினாய். அப்பா சொன்னார் என்று அங்கே முதலில் பார்த்த டொக்டரிடமும் அதையே சொன்னாய்.

தெரிந்துகொண்டே அப்படிச் சொன்னேன் என்பது உன் அம்மாவுக்கு இன்னும் தெரியாது. உனக்கு அனுப்பின கையோடு அவளை உட்கார வைத்து வாசித்துக் காட்டுவேன். உன்னிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வரவில்லை, மகன். கேட்டால் நீ தந்துவிடுவாய், நீ அப்படிப்பட்ட பிள்ளை. போன் என் கையிலேயே இருக்கும். எந்த நேரமும் எடு, என்ன பேசுவதென்றாலும் பேசு. நான் இடையில் ஒரு சொல்லும் சொல்ல மாட்டேன்.

அப்பா